அரசு கொடுத்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 முடிவுக்கு வந்ததைப் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி சரிதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டால் அந்தத் தேதியிலிருந்து ஓராண்டு தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். ஆனால் பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குப் புதிது வாங்குவதைத் தவிர வழியில்லை என்ற பொருளில் கட்டுரையின் கடைசியில் ஒரு வரி இருந்தது. என் சண்டை அந்த வரியோடுதான். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை (ஓஎஸ்) போட்டால் பழைய லேப்டாப்பே ஓடும்.

நான் குடியாத்தம் நெல்லூர்ப்பேட்டையில் வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறேன். ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும். என்னிடம் வருகிற பிள்ளைகளின் வீட்டில் அப்பா கைலி நெய்வார், அம்மா பீடி சுற்றுவார், அல்லது இரண்டு பேரும் தீப்பெட்டி வேலைக்குப் போவார்கள். அந்த வீடுகளுக்குப் போய் முப்பதாயிரம், நாற்பதாயிரம் போட்டுப் புது லேப்டாப் வாங்குங்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது? வேடிக்கை என்னவென்றால், அவற்றில் பல வீடுகளில் ஏற்கெனவே ஒரு லேப்டாப் இருக்கிறது. அண்ணனோ அக்காவோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம் அது. கொடுத்த பையோடு பரண்மேல் கிடக்கும். கேட்டால் "அது போயிடுச்சு மிஸ்" என்பார்கள். இறக்கிப் பார்த்தால் பெரும்பாலும் போயிருக்காது. ஸ்லோவாகியிருக்கும்.

இந்தக் கடிதத்தையும் அப்படிப்பட்ட ஒன்றில்தான் தட்டச்சு செய்கிறேன். என் மகனுக்குப் பிளஸ் டூவில் கிடைத்தது. 2 ஜிபி ரேம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அவன் டிப்ளமா முடித்து ராணிப்பேட்டை சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தபின் எனக்கு வந்து சேர்ந்தது. கேள்வித்தாள் தயாரிக்கத்தான் வைத்திருந்தேன். ஸ்விட்சைப் போட்டுவிட்டுப் போய்ப் பால் காய்ச்சி, காபி கலந்து எடுத்துக்கொண்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வீஸ் கடை ஒன்றில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "இதுல இனிமே புது விண்டோஸ் ஏறாதும்மா, எக்ஸ்சேஞ்சுல கொடுத்துடுங்க" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு நல்ல மின்விசிறிகூட வராது.

புது விண்டோஸ் ஏறாது என்பது உண்மை. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், குறைந்தது 4 ஜிபி ரேம் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை புராசசரோ அதற்குப் பிந்தையதோ இருக்க வேண்டும். அந்த எட்டாம் தலைமுறையே 2017-இல்தான் வெளிவந்தது. ஆகவே அதற்கு முன் வாங்கிய லேப்டாப், எவ்வளவு நன்றாக ஓடினாலும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் தகுதி இழந்தது. அது அந்தக் கம்பெனியின் விதி. லேப்டாப் கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. உங்கள் கட்டுரையில் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

என்னிடம் படித்து, இப்போது இன்ஜினியரிங் படிக்கும் பையன் ஒருவன் பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தான். அதில் லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் இருந்தது. கிட்டத்தட்ட 3 ஜிபி கோப்பு. என் போனில் ஒரு நாளைக்கு வருகிற டேட்டாவில் அது இறங்காது. அவன் ஹாஸ்டலிலேயே இறக்கிக்கொண்டு வந்திருந்தான். எனக்குப் பிடித்த விஷயம், முதலில் அவன் என் ஹார்ட் டிஸ்க்கைத் தொடவே இல்லை. பென்டிரைவிலிருந்தே லேப்டாப்பை இயக்கிக் காட்டினான். வைஃபை பிடிக்கிறதா, ஸ்பீக்கர் பேசுகிறதா, டச்பேட் நகர்கிறதா என்று எல்லாவற்றையும் பார்த்தோம். பிடிக்கவில்லையென்றால் பென்டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி ஸ்விட்சைப் போட்டால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். எந்தக் கடையிலும் இந்த மாதிரி ஓட்டிப் பார்த்து முடிவுசெய்யச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம் மகனின் பழைய படங்களை எல்லாம் வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு முழுதாக நிறுவினோம். மின்ட்டில் மூன்று வகை உண்டு. எக்ஸ்எஃப்சிஇ என்பது மூன்றிலும் லேசானது. 2 ஜிபி ரேம் இருந்தாலே நிறுவலாம், 4 ஜிபி இருந்தால் வசதி என்பது அவர்களே சொல்லும் கணக்கு. பணம் எதுவும் கட்ட வேண்டாம். 22-ஆம் வரிசைக்கு 2029 வரை புதுப்பிப்புகள் வரும். என் லேப்டாப்பில் ரேமை 4 ஜிபி ஆக்கினோம். வேலூரில் பழைய பாகங்கள் விற்கும் கடையில் வாங்கியதுதான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டோம். செலவு என்றால் இந்த இரண்டும்தான். உள்ளதைச் சொன்னால், வேகத்தில் பாதிப் பெருமை எஸ்எஸ்டிக்குத்தான் சேரும். நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் தட்டிலிருந்து படித்துக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டு, சுற்றவே சுற்றாத சில்லை வைத்தால் எந்த ஓஎஸ்ஸும் கொஞ்சம் ஓடத்தான் செய்யும். ஆனால் இதே 4 ஜிபியில் விண்டோஸ் 10 தானாக இறக்கிக்கொள்வதையும் பின்னால் ஓட்டிக்கொண்டிருப்பதையும் பார்த்தவள் நான். மீதிப் பாதி லினக்ஸுக்குத்தான். இப்போது காபிக்குப் பால் வைக்க நேரமில்லை, அதற்குள் திரை வந்துவிடுகிறது.

லினக்ஸ் என்றால் ஏதோ திருட்டு சாஃப்ட்வேர் என்று நினைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கடைகளில் 500 ரூபாய்க்குப் போட்டுத் தருகிறார்களே, அந்தக் கிராக் விண்டோஸ்தான் திருட்டு. லினக்ஸை 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கினார். அதற்கும் முன்பே, 1983-இல், ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் தடையின்றிப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்காக, குனூ திட்டத்தை அறிவித்திருந்தார். யாரும் இயக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், பிறருக்குப் படியெடுத்துக் கொடுக்கலாம் என்று ஸ்டால்மன் வகுத்து லினக்ஸும் ஏற்றுக்கொண்ட உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்குப் பென்டிரைவில் கொடுத்தால் அது சட்டப்படி சரி. "நீங்க வெச்சிருக்கிற ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் இதுதான்மா ஓடுது" என்று அந்தப் பையன் ஒரு மாணவியின் அம்மாவிடம் சொன்னான். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில்தான் ஓடுகின்றன என்றும் சொன்னான். அந்த அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போன் விஷயம்தான் அவரை யோசிக்க வைத்தது.

என் வேலைக்கு வருகிறேன். கேள்வித்தாள். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் தட்டச்சு செய்கிறேன். பின்னமும் வர்க்கமூலமும் போட அதிலேயே வசதி இருக்கிறது. நான் குடியாத்தத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ் ஹையர் முடித்தவள். என் விரல்கள் இன்றும் பழைய டைப்ரைட்டர் விசைகளைத்தான் தேடும். லினக்ஸில் தமிழ் 99 விசைப்பலகை முறை இருக்கிறது, ஆங்கில ஒலிப்படி அடிக்கும் முறையும் இருக்கிறது, அந்தப் பழைய டைப்ரைட்டர் முறையும் இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. எழுத்துருக்களில்தான் தகராறு. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பழைய கேள்வித்தாள்கள் பல, யூனிகோடு (எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரியும் பொது முறை) வருவதற்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கும். திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். அந்த எழுத்துருக் கோப்பு கையில் இருந்தால் லினக்ஸிலும் அதை நிறுவிக்கொள்ளலாம், தமிழ் சரியாகத் தெரியும். ஆனால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்வதே நிரந்தரத் தீர்வு. இந்தக் காலத்திலும் பழைய எழுத்துருவில் கேள்வித்தாள் அடிக்கிறவர்களிடம் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸ் இருந்தாலும் நான் இதைத்தான் சொல்வேன்.

பென்டிரைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளைப் பிரின்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோய்த் திரும்பினால், முன்பெல்லாம் பென்டிரைவில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். கிளிக் செய்தால் வைரஸ் லேப்டாப்புக்குள் வந்துவிடும். ஊரில் இந்த அனுபவம் இல்லாத டைப்பிஸ்ட் கிடையாது. இப்போதும் அந்தக் கடைகளிலிருந்து அந்த வைரஸ் வரத்தான் செய்கிறது. ஆனால் அது விண்டோஸுக்கு எழுதப்பட்டது, லினக்ஸில் வெறும் கோப்பாக உட்கார்ந்திருக்கிறது. மறைந்திருக்கும் அசல் ஃபோல்டர்களும் கண்ணுக்குத் தெரிகின்றன. வேண்டாததை அழித்துவிட்டு வேலையைப் பார்க்கிறேன். கடைக்குக் கொண்டுபோகும்போது பிடிஎஃப் ஆக்கிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டரில் வரிகள் இடம் மாறி, ஐந்தாம் கேள்வியின் படம் ஏழாம் கேள்விக்குக் கீழே போய் நிற்கும்.

அரசின் கணக்குப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும், பார்த்திருப்பீர்கள். ஜியோஜீப்ரா என்ற, கணக்குப் படங்களை வரைந்து நகர்த்திப் பார்க்கும் மென்பொருளில் செய்து பார்க்க வேண்டிய பயிற்சிகள் அவை. எத்தனை பள்ளியில் அதைச் செய்கிறார்கள் என்று கேட்காதீர்கள், எங்கள் காலத்தில் செய்முறை என்றால் கரும்பலகையில் வரைவதுதான். இந்தப் பழைய லேப்டாப்பில் ஜியோஜீப்ரா நன்றாகவே ஓடுகிறது. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியை வைத்து இரண்டு தொடுகோடுகள் வரைந்து, அந்தப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடுகள் கூடவே நகர்கின்றன. எவ்வளவு இழுத்தாலும் இரண்டு தொடுகோட்டின் நீளமும் சமமாகவே இருக்கிறது. போன வருடம் வரை இதை நான் நிரூபித்துக் காட்டுவேன், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள். இப்போது அவர்களே மவுஸைப் பிடுங்கி, "எங்கயாச்சும் மாறுதான்னு பாக்கலாம் மிஸ்" என்று புள்ளியைத் திரையின் ஓரம் வரை இழுக்கிறார்கள்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். இணையதளங்கள் கனத்துப்போய்விட்டன. ஓஎஸ் எவ்வளவு லேசாக இருந்தாலும் ஃபயர்ஃபாக்ஸில் பத்து டேப் திறந்தால் 4 ஜிபி திணறும். 2 ஜிபியோடு நின்றுவிட்ட லேப்டாப்பில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்காதீர்கள். சில லேப்டாப்களில் வைஃபை உடனே பிடிக்காது, டிரைவர் தனியாக இறக்க வேண்டும். அதுவரை போனைக் கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கொடுத்தால் போதும். என் வீட்டு லேசர் பிரின்டரோ இன்றுவரை லினக்ஸோடு பேசவில்லை. அதனால்தான் ஜெராக்ஸ் கடை. டேலியில் கணக்கு எழுதுகிறவர்களும், கைரேகைக் கருவி வைத்து ஆதார் சரிபார்க்கும் கடைக்காரர்களும் விண்டோஸிலேயே இருப்பது நல்லது. அவர்களிடம் போய் இதை விற்க நான் வரவில்லை.

அப்புறம், எந்த ஓஎஸ்ஸாலும் தீராத விஷயங்களும் உண்டு. தறி வீடுகளில் பஞ்சுத் தூசி லேப்டாப் விசிறிக்குள் போய் அடைத்துக்கொள்ளும். திறந்து சுத்தம் செய்யாமல் ஓட்டினால் எங்கள் ஊர் மே மாத வெயிலில் அது தானாக அணைந்துவிடும். பரணில் வருடக்கணக்கில் கிடந்த பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடவே கூடாது, கழற்றிவிட வேண்டும். பழைய அரசு லேப்டாப் பலவற்றில் பேட்டரியைக் கழற்றிவிட்டு சார்ஜரிலேயே நேராக ஓட்டலாம். கரன்ட் போனால் அணையும், அவ்வளவுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்நிறுத்த நாளில் நான் கேள்வித்தாள் வேலையை வைத்துக்கொள்வதில்லை.

இதையெல்லாம் விட எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. அரசு கொடுத்த அந்த லேப்டாப்களில் தொடக்கத்திலேயே லினக்ஸ் இருந்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸையும் போட்டுத்தான் கொடுத்தார்கள். பாஸ் என்பது சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து உருவாக்கி, 2007-இல் முதன்முதலாக வெளியிட்ட இந்திய ஓஎஸ். தமிழிலேயே மெனு வைத்துக்கொள்ளலாம். ஸ்விட்சைப் போட்டால் எது வேண்டும் என்று கேட்டு இரண்டு பெயர்கள் வரும். என் மகனுக்கு அதில் ஒன்று என்னவென்றே தெரியாது. அவன் வகுப்பில் யாருக்கும் தெரியாது. சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லை. முதல் தடவை ஃபார்மட் செய்யக் கொடுத்தபோதே கடைக்காரர் அதை எடுத்துவிட்டு, "இடம் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்று சொல்லி அனுப்பினார். இப்படித்தான் ஊர் முழுக்க நடந்தது. இலவசமாகவும் சட்டப்படியும் கிடைத்த ஒன்றை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கிராக் விண்டோஸைக் காசு கொடுத்துப் போட்டுக்கொண்டோம்.

கேரளத்தில் கதை வேறு. அங்கே அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களில் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருள்தான். 'கைட்' என்ற அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் செய்முறைத் தேர்வையே அதில்தான் எழுதுகிறார்கள். நம் பிள்ளைகளுக்கு லேப்டாப்பைக் கையிலேயே கொடுத்தார்கள், அங்கே அப்படி எல்லாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் நமக்கு அதை உட்கார வைத்துக் காட்டித் தர ஆளில்லாமல் போய்விட்டது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு லேப்டாப் அல்லது கைக்கணினி தருவதாக அறிவித்தார்கள். நல்ல விஷயம். கொடுக்கிற அன்றைக்கே ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, லினக்ஸை எப்படித் திறப்பது, எப்படித் தமிழில் அடிப்பது, எப்படிப் புதுப்பிப்பது என்று காட்டினால் போதும். அதற்குத் தனி நிதி தேவையில்லை.

பழையவற்றுக்கும் ஒரு யோசனை சொல்கிறேன். வேலூர் மாவட்டத்தில் இன்ஜினியரிங், கலைக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்த மாணவர்கள் ஆண்டுக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும் என்று விதி. கோட்டை அகழிக் கரையைச் சுத்தம் செய்து படம் எடுத்துக்கொள்வது ஒரு பக்கம் நடக்கட்டும். அந்த மணி நேரத்தில் கொஞ்சத்தை எடுத்து, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் மாவட்ட மைய நூலகத்திலோ, குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம் பக்கத்துக் கிளை நூலகங்களிலோ உட்காரலாம். பென்டிரைவ் இரண்டு, ஸ்க்ரூடிரைவர் ஒன்று, தூசி ஊத ஒரு புளோயர். பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் லேப்டாப்களை மேஜைமேல் வைத்து, உரிமையாளரின் கண்ணெதிரிலேயே ஓட்டிக் காட்டலாம். தேறாததைத் தேறாது என்று சொல்லிவிடலாம். மாவட்ட நிர்வாகம் ஒரு கடிதம் போட்டால் கல்லூரிகள் மறுக்கப் போவதில்லை. விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குழுவாகச் சேர்ந்து கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். நாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தமிழில் படிக்க வேண்டுமென்றால் 2012 முதல் கணியம் இதழில் லினக்ஸைப் பற்றி எளிய தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

ஆசிரியரான உங்களிடமும் ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வாரம் தவறாமல் புதுப் போன் வருகிறது, புது லேப்டாப் வருகிறது. ஒரு வாரம், ஒரே ஒரு வாரம், பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுவது எப்படி என்று படங்களோடு போடுங்கள். எந்தக் கீயை அழுத்தினால் பென்டிரைவிலிருந்து இயங்கும், நிறுவும் முன் எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும், 32 பிட் புராசசர் என்றால் மின்ட்டின் இந்த 22-ஆம் வரிசை ஏறாது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது, இவ்வளவு போதும். எங்கள் தெருவில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொள்ளப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

நூலகத்தில் நடக்கிறவரை, குடியாத்தம் சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது இப்படி ஒரு லேப்டாப் இருந்தால் உங்கள் அலுவலகம் மூலமாக எனக்கு எழுதச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை டியூஷன் காலை 11 மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு வரலாம். பென்டிரைவ் என்னிடம் இருக்கிறது. உள்ளே இருக்கும் படங்களையும் சான்றிதழ்களையும் முன்னதாகவே வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு வரட்டும். சார்ஜரை மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு டியூஷன் ஆசிரியை,
நெல்லூர்ப்பேட்டை, குடியாத்தம்,
வேலூர் மாவட்டம்.